தங்கபாய் வைத்த பொட்டு

ஜீப்பின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து கிடந்தாள் தங்கபாய். ஒரு கையில் செல்போன் வெளிச்சம், மறு கையில் சிவப்பு நகப்பூச்சு. ஹாரன் சுவிட்சின் முதுகில் ஒரு பொட்டு வைத்தாள். வைப்பர் மோட்டாரின் அடியில் ஒன்று. லைட் சுவிட்சுக்கு, மீட்டரின் பின்தட்டுக்கு, மீட்டரைப் பிடித்திருந்த பட்டைக்கு, சாமான் வைக்கும் பெட்டியின் கீலுக்கு, இன்னும் கை எட்டிய இரும்புக்கெல்லாம் ஆளுக்கொன்று. ஒர்க்‌ஷாப்காரன் ரதீஷ் ஸ்பானரைப் பிடித்தபடி வெளியே நின்று, இவள் எப்போது எழுந்து வருவாள், தான் எப்போது கழற்ற ஆரம்பிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தா சேச்சி இது, வண்டிக்குக் கல்யாணமா?"

"ஒண்ணும் இல்ல தம்பி. ஒரு சம்சயம். கழட்டுனது எல்லாம் திரும்ப எனக்க வண்டியிலதான் ஏறுதான்னு தெரியணும்லா?"

ரதீஷுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டான்.

நெற்றியில் பொட்டு வைக்காத சபையில் பிறந்து வளர்ந்தவள் தங்கபாய். நகத்துக்குச் சாயமும் பூசியதில்லை. பாப்பனங்கோட்டு ஃபேன்சி கடையில் அந்தப் பாட்டிலை வாங்கும்போது, "எனக்கில்ல மக்கா, வண்டிக்காக்கும்" என்று கேட்காமலே விளக்கம் சொன்னாள். கடைப்பெண் அதை நம்பினாளா இல்லையா என்று வாசலுக்கு வந்த பிறகு கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள்.

சம்சயம் என்று அவள் சொல்வது நீங்களும் நானும் சொல்லும் சந்தேகம்தான். மலையாளமும் தமிழும் கலந்து புழங்குகிற ஊரில் அவள் வாய்க்கு அந்தச் சொல்தான் வருகிறது. அதை யார்மேலும் குற்றமாகச் சுமத்துவது இல்லை. தனக்கு ஒரு இருமல் இருக்கிறது என்பதைப் போலத் தன்மையாகச் சொல்வாள். மீன்காரியிடம் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. தங்கபாய் தராசுத் தட்டையும் தூக்கிப் பார்ப்பாள். டீசல் போடப் போனால் பம்பில் பூஜ்யத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் டாங்கியின் மூடியைத் திறப்பாள். ஞாயிறு ஆராதனையில் போதகர் ஒரு வசனத்தைச் சொன்னதும் மற்றவர்கள் தலை குனிவார்கள். இவள் வேதாகமத்தைப் புரட்டி, வசனம் அந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்ப்பாள். ஒரு தடவை அங்கே இல்லை. போதகர் அதிகாரத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். அன்று முழுக்க அவள் முகத்தில் கிறிஸ்துமஸ் தெரிந்ததாக அவள் வீட்டுக்காரர் பிச்சையா இன்றைக்கும் சொல்கிறார்.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கும் கீழே விதுராவுக்கும் நடுவில் ஜீப் ஓட்டுவது அவளுக்குத் தொழில். பாறசாலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையேறியவள். புருஷன் ஓட்டிய வண்டி அது. அவருக்கு முழங்கால் மடங்க மறுத்த பிறகு இவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, மடியில் எப்போதும் ஒரு ரெக்சின் பை. காலையில் பள்ளிப் பிள்ளைகள், திரும்பும்போது அரிசியும் காஸ் சிலிண்டரும், நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். பஸ் வரும், வராமலும் இருக்கும். தங்கபாயின் ஜீப் வந்துவிடும் என்பது அங்கே தோட்டத்து லயங்களில் குடியிருக்கிறவர்கள் எல்லோரும் நம்பியிருக்கிற விஷயம். யாரையும் நம்பாத ஒருத்தியை இத்தனை பேர் நம்புகிறார்கள் என்பதைப் பிச்சையா சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிப்பதில்லை.

இவ்வளவு சம்சயமும் அவள் பிறவியிலேயே கொண்டு வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். முன்பு ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு, நல்ல மனுஷர்கள் என்று நம்பி அவள் ஊருக்குப் போய் வந்தாள். அதற்குள் அவர்கள் நன்றாக ஓடிய டைனமோவைக் கழற்றிக்கொண்டு சாகக் கிடந்த ஒன்றை மாட்டிவிட்டார்கள். பொழுது சாய்ந்த நேரத்தில், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இறங்கும்போது வளைவில் விளக்கு இரண்டும் அணைந்துவிட்டன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கூட வந்தவர்கள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, வண்டியை நத்தையாக நகர்த்தி இறக்கினாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பெண் போட்ட கூச்சல் மட்டும் தங்கபாயின் காதைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் வண்டியைத் தனியாக விட்டதில்லை.

இந்த முறை விடாமலும் தீராது. வண்டி டெஸ்டுக்குப் போயாக வேண்டும். தேறாவிட்டால் ரோட்டில் ஏறக் கூடாது; ஏறாவிட்டால் பள்ளிப் பிள்ளைகள் என்ன செய்யும், அவள்தான் என்ன செய்வாள். எஞ்சினில் குறையில்லை. முன்பகுதிதான் கேட்க நாதியில்லாமல் கிடந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் தகரம் அரித்துப்போய், கிளட்சை மிதிக்கும்போது ரோடு தெரிந்தது. டேஷ்போர்டு நீளவாக்கில் வெடித்து, எம்-சீலும் செலோ டேப்புமாக ஒட்டிக்கொண்டு நின்றது. வைப்பருக்கு வீட்டு மின்விசிறியின் சுவிட்ச். ஹாரனுக்கு வாசல் மணியின் பொத்தான். சாமான் பெட்டியின் மூடியைச் சைக்கிள் டியூப் பிடித்திருந்தது. இத்தனைக்கும் நடுவில் மீட்டர் மட்டும் பளிச்சென்று இருந்தது. நிக்கல் வளையம் போட்ட, வேகம் காட்டும் உருண்டை மீட்டர். வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்தது. முள் கொஞ்சம் நடுங்கும், ஆனால் பொய் சொல்லாது. தங்கபாய் தன் வாழ்க்கையில் சோதித்துப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்ட சில பொருள்களில் அதுவும் ஒன்று.

பாப்பனங்கோட்டில் நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக ஒர்க்‌ஷாப்புகள். பழைய ஜீப்பின் முன்பகுதியைப் புதுசாக்குவதில் ரதீஷுக்கு நல்ல பேர். தங்கபாய் நேமத்தில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு, ரதீஷ் ஷட்டரைத் திறப்பதற்கு முன்பே வந்து நிற்பாள். எந்த வண்டியிலிருந்தோ கழற்றிப் போட்ட ஒரு சீட்டைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்வரை கண் வண்டியைவிட்டு நகராது. அவர்கள் தகரத்தை வெட்டினார்கள், பார்த்தாள். வெல்டிங் வைத்தார்கள், கண் கூசியும் பார்த்தாள். ரதீஷ் அவளுக்கும் சேர்த்து டீ வாங்குவான். தன் டீயையும் அவன் டீயையும் மாற்றிக்கொண்டுதான் குடிப்பாள் என்று பெயின்டர் பையன்கள் கிளப்பிவிட்டது வெறும் புளுகு.

அவளுக்கு அங்கே பிடிக்காத ஆள் சஜின். வயரிங் வேலைக்காரன். அந்த வரிசையில் இருக்கிற எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் அவன்தான் எலெக்ட்ரீஷியன். கூப்பிட்டால் ஸ்கூட்டரில் வருவான். நாற்பதை நெருங்கியவன், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன், ரதீஷோடு ஒரே பெஞ்சில் படித்தவன். போனில் தணிந்த குரலில் பேசுவான். வேலை செய்யும்போது காரணமில்லாமல் புன்னகைப்பான். எதைக் கேட்டாலும், "ஆயிரும் அக்கா, பேடிக்கண்டா" என்பான். பயப்படாதே என்று ஒருவன் சொல்லத் தொடங்கினால்தான் தங்கபாய்க்குப் பயம் வரும்.

ஒரு சனிக்கிழமை கழக்கூட்டம் என்ற ஊரிலிருந்து ஒரு ஐ.டி.க்காரர் தன் ஜீப்பில் வந்தார். கூரையில்லாத, கண்ணாடிபோல மினுக்குகிற ஜீப். மழையில் நனையாத வண்டி என்று பார்த்ததும் தெரிந்தது. கழற்றி அலமாரியில் வைத்திருந்த தங்கபாயின் மீட்டரைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார். கையில் எடுத்தார், திருப்பினார், வளையத்தை விரலால் தடவினார்.

"ஒரிஜினல் அல்லே இது? கொடுக்குமோ?"

"வண்டிக்காரி அங்க இருக்கு. அவங்கட்ட கேளுங்க சார்" என்று சஜின் சிரித்தபடி இவள் பக்கம் கையைக் காட்டினான்.

"தரமாட்டேன்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள் தங்கபாய். அவர் மரியாதையாக வைத்துவிட்டுப் போய்விட்டார். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நாம் நினைப்போம். தங்கபாய்க்கு அங்கேதான் ஆரம்பித்தது. அவளிடமே கேள் என்று அவன் ஏன் அத்தனை சத்தமாகச் சொன்னான்? அவள் காதில் விழ வேண்டும் என்றுதானே? நிஜமான யோக்கியனுக்கு, நான் யோக்கியன் என்று காட்டிக்கொள்ள என்ன அவசியம் வந்தது?

அடுத்த வேலை நாளில், கழற்றிய சாமான்களையெல்லாம் பெயின்டர் ஒரு தகரத் தட்டில் கொட்டித் தின்னர் ஊற்றினான். பழைய பெயின்ட் தோலாக உரிந்து மிதந்தது. கம்பிகள், பட்டைகள், கீல்கள் எல்லாம் பிறந்த மேனியாக வெளியே வந்தன. தங்கபாய் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினாள். ஒன்றிலும் பொட்டு இல்லை.

"தம்பி! எனக்க அடையாளம் எங்க?"

ரதீஷ் எட்டிப் பார்த்தான். "தின்னர்ல போட்டா பெயின்டே போவும். நெயில் பாலிஷ் போவாதா சேச்சி?"

பதில் சரியான பதில்தான். ஆனால் அது யோசிக்காமல் உடனே வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. முதல் நாளே இவன் பொட்டு வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றானே, தின்னரில் போய்விடும் என்று அன்றைக்கே தெரியாதா? தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன் எதற்காகச் சொல்லாமல் இருந்தான்? தட்டில் கிடந்த கம்பிகள் தன்னுடையவைதானா என்று இனி அவளால் சத்தியம் செய்ய முடியாது. மிச்சம் இருந்தது மீட்டர் ஒன்றுதான். அதைத் துடைத்துச் சுத்தம் செய்வது சஜினுடைய வேலை. நாளைக்கு என்று வைத்திருந்தார்கள். அதன் பின்தட்டில் பொட்டு இன்னும் அப்படியே இருந்தது.

மத்தியானம் அவர்கள் சாப்பிடப் பின்பக்கம் போனார்கள். தங்கபாய் எழுந்தாள். மீட்டரை எடுத்து முந்தானையில் துடைத்து, ரெக்சின் பையில் குடைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் வைத்து ஜிப்பை இழுத்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. தன் பொருளைத் தானே எடுத்ததற்கு எதற்கு இப்படி நெஞ்சு அடிக்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

முதலில் அது பத்திரப்படுத்தல் மட்டும்தான். வேலை முடிந்து அதை மாட்டும் நேரத்தில் எடுத்துக் கொடுப்பதாகத்தான் நினைத்திருந்தாள். ஆனால் மறுநாள் காலையில் சஜின் அலமாரியைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் புத்தி வேறு வழியில் ஓடியது. மீட்டர் இல்லை என்று இவர்கள் தன்னிடம் வந்து சொல்வார்களா? அல்லது எங்கிருந்தோ ஒரு மட்டமான சாமானை மாட்டிவிட்டு, உன்னுடையதுதான் என்று சாதிப்பார்களா? பார்த்துவிடலாம். தூண்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவர்கள் தேடினார்கள். தகரத் துண்டுகளைப் புரட்டினார்கள். பெயின்ட் டின்களை நகர்த்தினார்கள். ரதீஷ் சஜினைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்; குரல் முதலில் தணிந்து கேட்டது, பிறகு உயர்ந்தது, பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. சஜின் வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. தங்கபாயிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் பிச்சையாவுக்குப் போன் போட்டாள். குரலில் குதூகலம் அடங்கவில்லை.

"கேட்டீளா? மீட்டரு காணாம போச்சு. ஒருத்தனும் எனக்கிட்ட வாய் திறக்கல. நான் அப்பமே சொன்னம்லா?"

"எட்டி, மீட்டரு ஒனக்க பையிலதான இருக்கு? பிறகு எங்க போய் காணாம போச்சு?"

"அது வேற. இவனுவளுக்க மனசுல சத்தியம் உண்டான்னு பாக்கேன்."

ஊரில் பாதிப் பேருக்குத் தன் ஸ்பானர்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காத மனுஷர் பிச்சையா. "செரி. சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு வேலை நடந்தது. புதிய தரைத் தகரம் பொருந்தியது. டேஷ்போர்டின் வெடிப்பை உள்ளிருந்து தகடு கொடுத்து அடைத்து, பட்டி தேய்த்து, பழைய சாம்பல் பச்சையிலேயே பெயின்ட் அடித்தார்கள். ஹாரனுக்கும் வைப்பருக்கும் முறையான சுவிட்சுகள் வந்தன. வயரிங்குக்குச் சஜின் வரவில்லை. கிழக்கேக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் வந்தார், இருமிக்கொண்டே வயர் இழுத்தார். சஜின் எங்கே என்று தங்கபாய் கேட்கவில்லை. மற்ற ஒர்க்‌ஷாப்புகளிலும் அவன் ஸ்கூட்டர் நிற்காததைக் கவனிக்க மட்டும் செய்தாள். ரதீஷ் டீ வாங்கிக் கொடுப்பது நிற்கவில்லை, ஆனால் டம்ளரை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிடுவான்.

கடைசியில் ஒரு நாள் காலையில் அவள் வந்தபோது டேஷ்போர்டின் நடுவில் மீட்டர் உட்கார்ந்திருந்தது. அதே நிக்கல் வளையம், அதே உருண்டை. அவளுடையதைவிடப் பளபளப்பு. ஏறி உட்கார்ந்து அதை வெகு நேரம் பார்த்தாள். இத்தனை நாள் காத்திருந்த மீன் கொக்கியைக் கவ்விவிட்டது. பையை மடியில் இறுக்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

"தம்பி, ஒரு சம்சயம். இது எனக்க மீட்டரா?"

ஆமாம் என்று அவன் சொல்லிவிட்டால் போதும். சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் நாக்கில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

ரதீஷ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். "இல்ல சேச்சி" என்றான்.

அவள் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க மீட்டரு இஞ்ச வச்சு காணாம போச்சு. எனக்க வீட்டுல ஒரு ஜீப்பு கெடக்கு, எனக்கு வேண்டி சரியாக்கிட்டு இருந்தேன். அதுலேருந்து கழட்டிப் போட்டிருக்கு. நல்ல சாதனம், ஒறப்பா ஓடும். முதல்லயே பறஞ்சிருக்கணும். நாணக்கேடா இருந்து, அதான். மாட்டி முடிச்சிட்டு சொல்லலாம்னு வச்சேன்."

"யாரு எடுத்தா?" என்று கேட்டாள் தங்கபாய். எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை.

"அலமாரில கை வைக்கிறது நானும் சஜினும் மட்டும். நான் எடுக்கல." அவன் ஷட்டர் பக்கம் பார்த்தான். "வேதபுஸ்தகத்துல கை வச்சு சத்தியம் பண்ணினான். விசுவசிக்கல நான். போடான்னுட்டேன். இந்த ரோட்டுல ஒரு கடையில பறஞ்சா எல்லாக் கடையிலயும் பறஞ்ச மாதிரி. இனி அவன யாரும் விளிக்க மாட்டாவ. மீட்டரு போனது பெருசு இல்ல சேச்சி. அவன் செய்வான்னு எனக்குத் தோணிச்சு பாத்தீங்களா, அதாக்கும்..."

பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனான். பெயின்டரை எதற்கோ வைதான்.

தங்கபாய் இறங்கி ரோட்டைக் கடந்து டீக்கடைக்குப் போனாள். டீ சொல்லவில்லை. பை தோளில் கல்லாகக் கனத்தது. உலகத்தில் ஒருவன் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது, கூடவே பயமாகவும் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் இந்த வரிசை முழுக்கச் சிரிக்கும். ஜீப்பை இப்படியே போட்டுவிட்டுப் போ என்று ரதீஷ் சொன்னாலும் சொல்வான். பிச்சையாவைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வரும்போது ஒரு வழி தோன்றியது.

"தகரத்துக்கு இடையில மெள்ள போட்டுடட்டா? இஞ்ச கெடக்குதேன்னு நானே கண்டெடுத்து குடுத்தா, விஷயம் தீந்துதுல்லா?"

"தீருமா?" என்றார் பிச்சையா. "நீ ரதீஷா இருந்தா, தேடுன இடத்துலயே திரும்பவும் அது வந்து கெடந்தா, என்னன்னு நெனப்ப?"

அவள் யோசிக்கத் தேவையே இல்லை. வாழ்நாள் முழுக்க அதே யோசனையில் பழகியவள்.

"சஜினு பேடிச்சுப் போயி கொண்டு போட்டுட்டான்னு நெனப்பேன்."

"அப்பம்?"

டீக்கடைக்காரர் என்ன வேண்டும் என்று இரண்டாவது முறையாகக் கேட்டார். தங்கபாய் ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வண்டி வருகிறதா என்றுகூடச் சரியாகப் பார்க்காமல் ரோட்டைத் திரும்பக் கடந்தாள்.

ரதீஷ் குனிந்து கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவள் ஜிப்பைத் திறந்து மீட்டரை எடுத்து, அவன் முகத்துக்கு நேராக, சீட்டின்மேல் வைத்தாள். பின்தட்டு மேலே பார்க்க வைத்தாள். பொட்டு சிவப்பாக இருந்தது.

"நானாக்கும் எடுத்தேன். அன்னைக்கு நீங்க சாப்பிடப் போனப்பம். எனக்கு ஒரு..." அந்தச் சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. "நானாக்கும் எடுத்தேன்" என்று மறுபடியும் சொன்னாள்.

ரதீஷ் மீட்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். வைவான் என்று அவள் காத்திருந்தாள். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், வெகு நேரம் ரோட்டைப் பார்த்தபடி பேசினான். திரும்பி வந்து, "வருவான்" என்றான். பிறகு தன் வீட்டு மீட்டரைக் கழற்றத் தொடங்கினான்.

"அது இருக்கட்டு தம்பி. நீ போட்டதே இருக்கட்டு."

"வேண்டா சேச்சி. ஒங்களுது ஒங்க வண்டியில இருக்கணும்." குரலில் கோபம் இல்லை.

மழை தூறத் தொடங்கிய நேரத்தில் சஜின் வந்தான். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினான். ரதீஷ் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தான்; அவன் தட்டிவிடவும் இல்லை, நின்று கொடுக்கவும் இல்லை. பெயின்டர்கள் தேய்க்கிற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தங்கபாய் எழுந்து நின்றாள்.

"மக்கா, எனக்க தப்பாக்கும். ஒனக்க பேருல நான்..."

"செரி அக்கா. மீட்டருக்கு விளக்கு கனெக்‌ஷன் குடுக்கணும்லா? குடுத்துட்டுப் போறேன்."

வண்டியில் ஏறுவதற்கு முன் அவன் அவளுக்கு எதிரே வந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து பானெட்டின்மேல் வைத்தான். பக்கத்தில் செல்போன், ஃபியூஸ்கள், பாதி தீர்ந்த கறுப்பு டேப், ஸ்கூட்டர் சாவி, கொஞ்சம் சில்லறை. பேன்ட் பைகளுக்குள் கையை விட்டு இரண்டையும் வெளியே இழுத்துவிட்டான். வெளுத்த உள்துணி இரு பக்கமும் தொங்கியது. அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, டெஸ்டரை மட்டும் எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் போனான்.

வேலை கொஞ்ச நேரம்தான். மீட்டர் தன் இடத்தில் உட்கார்ந்தது. விளக்கு உள்ளிருந்து மஞ்சளாக எரிந்தது, முள் லேசாக நடுங்கியது. ரதீஷ் எஞ்சினை அணைத்தான். சஜின் கீழே இறங்கினான். தொங்கிய பைகளை உள்ளே தள்ளவில்லை. இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி விரித்துக்கொண்டு தங்கபாய்க்கு முன்னால் வந்து நின்றான்.

தங்கபாய் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் சுற்றி வந்து அந்தப் பக்கம் நின்றான்.